ராகு காலத்தில் நிறுத்திய கரண்ட்

நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் ராகு காலம் வந்துவிட்டால் பில் போடும் மெஷினுக்கு ஓய்வு. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் கடையையே கவிழ்த்துப் பார்த்து, முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்து, விலையும் பேசி முடித்துவிட்டு, பணத்தை மட்டும் நீட்டாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அவர்களுக்கு ஜூஸ் கொடுத்துவிட்டு, இறக்கிப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டிருப்பேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை ஊரே கூடி ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கி வைப்பதில் எங்கள் ஊருக்கு நல்ல பழக்கம் உண்டு. எங்கள் தெருக்காரர்களைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் யேசுதாஸ் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். கான்ட்ராக்டர் என்றதும் கார், மோதிரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர், என் தம்பி ராமராஜன், இரண்டு ட்ரில்லிங் மெஷின், ஓர் ஏணி. கம்பெனி அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆபரேஷன் தியேட்டர்கள். இரண்டாவது தியேட்டரை உரித்துப் போட்டு வயரிங், லைட், பிளக் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். முதல் தியேட்டரில் ஆபரேஷன் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டடத்தை யார் கட்டினார்களோ, இரண்டு தியேட்டருக்கும் சேர்த்து ஒரே லைன்தான் இழுத்திருந்தார்கள். இரண்டாவதில் கை வைக்க வேண்டுமென்றால் முதலாவதிலும் கரண்ட்டை நிறுத்தியாக வேண்டும். ஜெனரேட்டரும் யு.பி.எஸ்ஸும் இருந்தும் பிரயோஜனமில்லை, அவற்றின் கரண்ட்டும் அதே வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். அப்படியானால் முதல் தியேட்டர் எப்போது காலியாக இருக்கும்?

முதல் வாரமே யேசுதாஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டார். தினமும் ராகு காலத்தில் அந்தத் தியேட்டர் காலி. குடல்வாலோ, கர்ப்பப்பையோ, சிசேரியனோ, இந்த ஊரில் எவரும் ராகு காலத்தில் கத்தி வைக்கச் சம்மதிப்பதில்லை. டாக்டர்களும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அந்த நேரத்தில்தான் சாப்பிடுவார்கள்.

"அவங்களுக்கு ராகு காலம், எங்களுக்கு நல்ல காலம்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ராமராஜனுக்கு மட்டும் வரவில்லை. நான் யேசுதாஸைக் கட்டிக்கொண்டு கோயிலை விட்டுச் சர்ச்சுக்குப் போனவள். அவன் இன்னும் மாகறல் சிவனை விடாதவன். ராகு காலத்தில் வேலை தொடங்கக் கூடாதென்று, அதற்கு முன்பே ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி வைத்துவிட்டு, வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டதாகக் கணக்குச் சொல்வான். சாமியையே ஏமாற்றுகிற கான்ட்ராக்டர் அவன்தான்.

வேலைக்கு முறை வைத்திருந்தார்கள். ராமராஜன் இரண்டாவது தியேட்டரின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறிப் படுத்துக்கொள்வான். யேசுதாஸ் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் போர்டில் மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். தம்பி இறங்கி வந்து எதிரில் நின்று, அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் பூட்டைத் திறப்பார். யார் சொன்னாலும் திறக்கமாட்டார். போனைக்கூட வண்டி டிக்கியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். இந்த ஒரு விஷயத்தில் என் வீட்டுக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது.

மெயினை இறக்குவதற்கு முன் தியேட்டர் இன்சார்ஜ் காயத்ரி சிஸ்டரிடம் கேட்க வேண்டும் என்பதும் முறைதான். கொஞ்ச நாள் கேட்டார். அந்தம்மாவே ஒருநாள், "ராகு காலத்துல யாருய்யா வரப்போறாங்க? தெனம் தெனம் வந்து கேட்டுக்கினே இருக்காதீங்க, நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு கேட்பது நின்றது.

அப்போது எனக்கு மாதம் நிறைந்திருந்தது. இதற்கு முன் இரண்டு முறை தங்கித் தங்கிக் கலைந்தது. இரண்டாவது முறை கலைந்தபோது யேசுதாஸ் வாரக்கணக்கில் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபமில்லை, பேச வாய் வரவில்லை. இந்த முறை நான் இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் என்று முடிவு செய்ததும் அவர்தான்.

அந்தப் புதன்கிழமை காலை அவர்கள் இருவருக்கும் ஒரே தூக்கில் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு நான் மட்டும் ஷேர் ஆட்டோ பிடித்துச் செக்கப்புக்குப் போனேன். சுபத்ரா டாக்டர் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 

"அம்சா, தண்ணி ரொம்பக் குறைஞ்சிருக்கு. குழந்தையோட ஹார்ட் பீட் நடுநடுவுல இறங்கறது. இன்னிக்கே எடுத்துடலாம்மா. நாளைக்குன்னு தள்ள வேண்டாம்."

காயத்ரி சிஸ்டர் தியேட்டர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்ப ஒரு கேஸ் ஓடுது. பன்னண்டுக்குள்ள முடிஞ்சிடும். அடுத்தது ஒன்றரைக்கு மேலதான். நடுவுல ஃப்ரீ. ஆனா அது ராகு காலம், உங்களுக்கு ஓகேவாம்மா?"

"எங்களுக்கு அதெல்லாம் இல்ல சிஸ்டர். கர்த்தர் குடுத்த நேரம் எல்லாம் நல்ல நேரம்தான்" என்றேன். அந்தப் பயத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். ஊரே பயப்படுகிற ஒன்றுக்கு நாம் பயப்படவில்லை என்றால் ஒரு மிதப்பு வரத்தானே செய்யும்?

"அவருக்கு மட்டும் சொல்லிடுங்க" என்றேன். சிஸ்டர் ஒரு வார்டு அக்காவிடம் சொல்லி அனுப்பினார். அந்த அக்கா மாடியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட் வரைக்கும் போய், உள்ளே புழுதி பறப்பதைப் பார்த்து, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். சொல்லியாயிற்றா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவர் பெண்டாட்டிக்கு ஆபரேஷன், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று சிஸ்டர் நினைத்திருக்கிறார். சிஸ்டர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். வேறு யாருடைய ஆபரேஷனாக இருந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு அவரிடம் போய் "இன்னிக்கு நிறுத்தாதீங்க" என்று சொல்லியிருப்பார்கள். என்னுடையது என்பதால்தான் ஒருவரும் சொல்லவில்லை.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து என்னை மாடிக்குக் கொண்டுபோனார்கள். பிளாஸ்டிக் ஷீட்டைத் தாண்டும்போது உள்ளே ட்ரில் சத்தத்தில் காது கிழிந்தது. அது யேசுதாஸ்தான். ராமராஜன் விட்டு விட்டு அழுத்துவான், இவர் ஒரே மூச்சாக அழுத்துவார். அந்தச் சத்தம் எனக்குத் தைரியமாக இருந்தது. அவர் இங்கேயே இருக்கிறார், ஒரு சுவர்தான் நடுவில் என்று நினைத்துக்கொண்டேன்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டினார்கள். தலைமாட்டில் மயக்க டாக்டர் உட்கார்ந்து, "என்ன பேரு வெக்கப் போறீங்க?" என்று பேச்சுக் கொடுத்தார். திரைக்கு அந்தப் பக்கம் சுபத்ரா டாக்டர் வேலையைத் தொடங்கிவிட்டார். வலி இல்லை. யாரோ வயிற்றுக்குள் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்தது.

எப்போது ட்ரில் சத்தம் நின்றதென்று நான் கவனிக்கவில்லை. தலைக்கு மேலே சீலிங்கில் ஏதோ உரசிற்று. எலியோ என்று பார்த்தேன். பிறகு ஒரு தும்மல். அடுத்து இன்னொன்று. ராமராஜனுக்குப் புழுதி பட்டால் இரட்டைத் தும்மல்தான், சின்ன வயதிலிருந்தே அப்படி. சுவர் இரண்டு தியேட்டரையும் பிரிக்கிறது, சீலிங்குக்கு மேலே பிரிக்கவில்லை. ஒயர் போகிற வழியே ஊர்ந்து என் தலைக்கு மேலேயே வந்து படுத்திருக்கிறான் என்று நினைத்துச் சிரிப்புகூட வந்தது.

அவன் மேலே ஏறிவிட்டான் என்றால் யேசுதாஸ் போர்டுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். போர்டுக்குப் போயிருக்கிறார் என்றால்?

"டாக்டர், மணி இன்னா?" என்றேன்.

"பன்னண்டே கால். ஏம்மா?"

"ராகு காலம்" என்றேன். "ராகு காலம் சிஸ்டர்! கரண்ட்ட நிறுத்தப் போறாரு! ஓடுங்க, அவர..."

விளக்கு அணைந்தது.

எத்தனையோ மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். வீட்டில் கரண்ட் போனால் ஜன்னல் வழியாக ஏதோ ஒரு வெளிச்சம் வரும். தியேட்டரில் ஜன்னல் கிடையாது. கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று எனக்கே தெரியாத இருட்டு. ஏ.சி. நின்றது. ரத்தத்தை உறிஞ்சும் மெஷின் முனகிக்கொண்டே நின்றது. மயக்க மெஷின் மட்டும் தன் பேட்டரியில் கீங் கீங் என்று அலறியது. என் வயிறு திறந்து கிடக்கிறது. குழந்தை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இதைச் செய்தது என் புருஷன். அந்த நிமிஷத்தில் இந்த மூன்றும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. தெரியாமல் இருந்திருக்கலாம்.

"யாரும் நகராதீங்க" என்றார் சுபத்ரா டாக்டர். குரல் உயரவில்லை. "டார்ச். எதாவது லைட். சீக்கிரம்."

மயக்க டாக்டர் தொண்டைக்குள் பார்க்கிற கருவியை விரித்தார். அதன் நுனியில் விரல் நகமளவு விளக்கு. அதை எட்டித் திரைக்கு மேலே நீட்டினார். காயத்ரி சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அவருடைய செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கிப் போனது.

"கால்ல மிதிக்கிற சக்ஷன் எங்க?"

"ரெண்டாவது தியேட்டர் சாமானோட ஸ்டோர்ல போட்டாங்க டாக்டர்."

"துணி குடு. இன்னும் குடு. எனக்கு ஒண்ணும் தெரியலையே, லைட்ட இறக்கிப் பிடிங்க."

அப்போதுதான் நான் கத்த ஆரம்பித்தேன். என்னால் ஆனது அது ஒன்றுதான். கை இரண்டையும் பலகையில் கட்டியிருந்தார்கள், காலே இல்லை, வாய் மட்டும் இருந்தது. "போடச் சொல்லுங்க! கரண்ட்ட போடச் சொல்லுங்க! என் புள்ள! உடனே போடச் சொல்லுங்க!" தொண்டை கிழியக் கத்தினேன். மயக்க டாக்டர் என் நெற்றியில் கை வைத்து, "அமைதியா இருங்கம்மா, அமைதியா இருங்க" என்றார். நான் அமைதியாக இல்லை. தலைக்கு மேலே சீலிங் கடகடவென்று ஆடியது. கீழே படிக்கட்டுப் பக்கமிருந்து யேசுதாஸின் குரல் மங்கலாகக் கேட்டது. "ராஜா, எறங்குடா! ராஜா!"

வயிற்றிலிருந்து ஏதோ பெரிதாகப் பிடுங்கியதுபோல் இருந்தது. "வந்தாச்சு" என்றார் டாக்டர்.

அழுகை கேட்கவில்லை.

முதுகில் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ வாயால் குழாயை உறிஞ்சித் துப்பும் சத்தமும் கேட்டது. "இன்னும் இருக்கு, இழுங்க, இன்னும் இழுங்க." "வரல டாக்டர், கெட்டியா இருக்கு." என் குழந்தை இருட்டில் கிடக்கிறது, எந்தப் பக்கம் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கர்த்தரைக் கூப்பிட்டேன். மாகறல் சிவனையும் கூப்பிட்டேன், விட்டுவிட்டு வந்தவள் என்று கோபித்துக்கொள்ளாதே என்றேன். மேலே ஏதோ ஒடிந்து விழுந்தது. பக்கத்து அறையில் டமால் என்று ஓர் ஆள் விழுகிற சத்தம். வராந்தாவில் ஓட்டம்.

விளக்கு வந்தது. கண் கூசியது. நிறுத்தாமல் விட்ட மெஷின் தானாக உறுமிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தது. ஓரத்து மேஜையில் நீல நிறத்தில் ஒரு சின்ன உடம்பைப் பார்த்தேன். உயிருள்ள குழந்தைக்கு இந்த நிறம் இருக்கலாமா என்று நினைத்தேன். சின்னக் குழாயை மெஷினில் மாட்டி அதன் மூக்கிலும் வாயிலும் விட்டார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு அது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. கொஞ்சம் பொறுத்து, நல்ல மனிதப் பிறவி மாதிரி வீறிட்டு அழுதது.

"பொண்ணு" என்றார் டாக்டர். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வியர்வையா வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே நடந்ததைப் பிறகு காயத்ரி சிஸ்டர்தான் சொன்னார். அவர் ஓடிப்போய், "உள்ள கேஸ் ஓடிக்கினு இருக்குது, போடுய்யா! மனுஷனாய்யா நீ?" என்று கத்தியிருக்கிறார். யேசுதாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டார், ஆனால் திருப்பவில்லை. அவன் இறங்காமல் போட்டால் மேலேயே கருகிவிடுவான் என்று சொல்லி, படிக்கட்டில் பாதி ஏறித் தம்பியைக் கூவியிருக்கிறார். அங்கே கிட்டத்தட்ட அழுதுகொண்டே நின்றாராம். ராமராஜன் இரண்டாவது தியேட்டர் பக்கம் ஊர்ந்துபோய் சீலிங்கை உடைத்துக் குதித்து, நொண்டிக்கொண்டே ஓடி வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் மெயினைத் தூக்கினாராம்.

பிறகு தியேட்டர் வாசலில் சாவியோடு நின்றிருக்கிறார். யாரோ ஒரு குடும்பத்தின் காலில் விழ வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். சிஸ்டர் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, "இந்தாய்யா, உன் பொண்ணு" என்றிருக்கிறார்.

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டாராம் இவர்.

"அம்சாவுக்குப் பொறந்த பொண்ணுய்யா."

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தாராம், அம்சாவின் வீட்டுக்காரர் என்று வேறு யாராவது நிற்கிறார்களா என்று. பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீட்டிய குழந்தையை வாங்கவில்லை. ராமராஜன்தான் வாங்கியிருக்கிறான்.

குழந்தையை இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். மூளைக்குக் காற்றுப் போனதா, கண் சரியாக இருக்கிறதா என்று என்னென்னவோ சோதித்துவிட்டு, பயமில்லை என்று என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் விசாரணை என்று எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். இனி ராகு காலமோ எம கண்டமோ, கேட்காமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினார்கள். யேசுதாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடியும் அவருக்குப் பேச வாய் வரவில்லை. குழந்தையைத் தொடுவதற்குக் கையை நீட்டுவார், பாதியில் எடுத்துக்கொள்வார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அழ வேண்டிய நான் இருக்கும்போது இவர் இப்படி உட்கார்ந்தால் யார் யாரைத் தேற்றுவது? சனிக்கிழமை ராமராஜன் கணுக்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தபோது நானே பேச்சை எடுத்தேன்.

"நான் அப்பிடிக் கத்துனனே, உனக்குக் கேக்கலியாபா?"

"கீழ எங்க கேக்கும்?" என்றார் யேசுதாஸ். "சிஸ்டர் சத்தம்தான் கேட்டுச்சு. நீன்னு தெரியாதே அம்சா. சத்தியமா தெரியாது."

"எனக்குக் கேட்டுச்சு" என்றான் ராமராஜன்.

இருவரும் திரும்பி அவனைப் பார்த்தோம். அவன் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரா கீழதான இருந்த? முதல் கத்துலயே அக்கா கொரலுன்னு தெரிஞ்சிடுச்சு. கரண்ட்டு நின்னதுமே ஒயர் ஜாயின்ட்ட பிரிச்சிப் போட்டிருந்தேன். செம்பு ரெண்டும் மொட்டையா என் நெஞ்சுக்கு நேரா இருக்குது, சுத்தி ஏ.சி. காத்து போற தகர டக்டு. புழுதியில டேப்பு ஒட்ட மாட்டேங்குது. நீ போடச் சொல்லுங்க, போடச் சொல்லுங்கன்னு கத்திக்கினே இருக்குற."

அவன் தும்மலைக் கேட்டவள் நான். அவன் மேலே படுத்திருக்கிறான் என்று அந்த ஆஸ்பத்திரியில் யேசுதாஸை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். கத்தியபோது அவன் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

"டேய்" என்றார் யேசுதாஸ். "நான் படியில நின்னுக்கினு ராஜா ராஜான்னு கூவுறனே. உள்ள அக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப மாமா?"

யேசுதாஸ் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், அவனுடைய கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பொய் சொல்லிவிட்டால் தேவலை என்று நான் நினைத்தேன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"போட்டிருப்பேன்டா" என்றார்.

ராமராஜன் தலையாட்டினான். கோபமெல்லாம் இல்லை.

"அதான் மாமா சொல்லல."

குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. யார் எடுப்பது என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.